மண் பார்க்கும் வேலை

'ஹைட்ரோபோனிக்' என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளுக்குள் வந்து சேர்ந்த வழியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் 'ஹைட்ரோபோனிக் கஞ்சா' பிடிபட்டது என்ற செய்தி கடந்த சில ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்துவிட்டது. அப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டுத்தான் எங்கள் தெருக்காரர் ஒருவர், என் மொட்டைமாடியில் வரிசையாகக் கிடந்த வெள்ளைக் குழாய்களை அண்ணாந்து பார்த்து, "சார், மண்ணில்லாம தண்ணியில வளர்க்கிறீங்களாமே, அது சட்டப்படி சரிதானே?" என்று கேட்டார். மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். குழாயின் ஓட்டைகளில் சிறுகீரையும் புதினாவும் பாலக்கும் நின்றன.

அவர் கேட்டதில் தப்பில்லை. கஞ்சாச் செடியை வீட்டில் வளர்ப்பது நம் நாட்டில் குற்றம்தான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதற்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. மண்ணில் வளர்த்தாலும் தண்ணீரில் வளர்த்தாலும் சட்டத்துக்கு வித்தியாசம் கிடையாது. ஆனால் அந்தச் செய்திகளைப் படிக்கிறவர்கள், மண்ணில்லாமல் வளர்ப்பதே ஏதோ கள்ளத்தனமான வித்தை என்றோ, அந்த முறைதான் செடிக்குப் போதையை ஏற்றுகிறது என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். போதை தரும் ரசாயனம் பெண்பூவில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் ஊறுவது. அது எவ்வளவு ஊறும் என்பதில் பெரும்பங்கு ரகத்தின் பரம்பரைக்கு உண்டு. தண்ணீர் முறைக்கும் அதற்கும் தனி உறவு எதுவும் இல்லை. கிரேக்க மொழியில் 'நீர்', 'உழைப்பு' என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்துத்தான் ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த 'உழைப்பு' என்ற பாதியைத்தான் நான் இங்கே பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

எங்கள் வீடு செங்கல்பட்டில். மாடியிலிருந்து பார்த்தால் கொளவாய் ஏரி தெரியும். கிழக்குச் சுவரை ஒட்டி எட்டு மண்தொட்டிகள். ஏரி வண்டல், செம்மண், மக்கிய சாணம் மூன்றும் கலந்தவை. மேற்கே நான்கு பிவிசி குழாய்கள், ஒரு நீல டிரம், அதற்குள் ஒரு சிறிய மோட்டார். ஒரே விதைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரே நாளில் இரண்டிலும் சிறுகீரை விதைத்தேன். மண்தொட்டியில் பறிக்கும் பருவம் வர நாலைந்து நாள் இருக்கும்போதே குழாய்க் கீரை பறிக்கத் தயாராகிவிட்டது. பறித்துக் கீழே கொண்டுபோனபோது என் அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மண்ணே இல்லாம, இது எதைத் தின்னுட்டு வளர்ந்துச்சு?"

அம்மாவின் கேள்விக்கு முந்நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் வயது. பெல்ஜியத்தின் யான் பாப்டிஸ்டா ஃபான் ஹெல்மாண்ட் இதையே கேட்டு, ஒரு தொட்டியில் காயவைத்த மண் 200 பவுண்டு எடைபோட்டுக் கொட்டினார். 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீரை மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாகியிருந்தது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால், குறைந்தது வெறும் இரண்டு அவுன்ஸ். நம் கணக்கில் 57 கிராம். ஒரு கைப்பிடிகூட இல்லை. மரம் மண்ணைத் தின்னவில்லை, தண்ணீரே மரமாகிவிட்டது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648இல் இந்தச் சோதனை அச்சில் வந்தது.

முடிவு பாதி சரி. மரத்தின் உடம்பில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. இலை, கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவை வெயிலின் துணையால் மரக்கட்டையாக்குகிறது. காய்ந்த செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் மூன்றும்தான். மூன்றும் காற்றும் நீரும் தந்தவை. ஒரு கட்டுக் கீரையைக் காயவைத்து எரித்தால் மிஞ்சுகிற அந்தச் சிட்டிகைச் சாம்பலும், எரிந்து பறந்துபோன தழைச்சத்தும் மட்டுமே, தண்ணீரைத் தவிர, வேர் வழியாக ஏறியவை.

ஆனால் ஃபான் ஹெல்மாண்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்ட அந்த இரண்டு அவுன்ஸில்தான் இந்தக் கட்டுரை முழுவதும் இருக்கிறது.

1699இல் லண்டனில் ஜான் உட்வர்ட் என்பவர் புதினா இனத்துச் செடிகளை மழைநீரில், தேம்ஸ் நதி நீரில், தோட்டத்து மண் கரைத்த நீரில் என்று தனித்தனிக் குப்பிகளில் வளர்த்தார். தண்ணீர்தான் உணவென்றால் எல்லாம் ஒரே மாதிரி வளர்ந்திருக்க வேண்டும். தூய மழைநீரில் நின்றது நோஞ்சானாக இருந்தது. மண் கரைத்த நீரில் நின்றது தழைத்தது. தண்ணீருக்குள் வேறு எதுவோ கரைந்து வருகிறது என்று அவருக்குப் புரிந்தது. அது என்னவென்று பெயர் சொல்ல இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1860 வாக்கில் ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும் சில உப்புகளைச் சரியான அளவில் தண்ணீரில் கரைத்து, ஒரு துளி மண்கூட இல்லாமல் செடியை விதையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள்.

தண்ணீரோடு வேர் குடிப்பது பெரும்பாலும் அந்த உப்புகளைத்தான். கீரைக்குச் சாணம் போட்டோம், புண்ணாக்கு போட்டோம், பஞ்சகவ்யம் தெளித்தோம் என்று நாம் சொல்வோம். வேரைக் கேட்டால் அது இவற்றில் பெரும்பாலானவற்றை நேராகத் தொட்டதே இல்லை. சாணத்திலுள்ள புரதத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உடைத்து அம்மோனியமாக்க வேண்டும். வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்க வேண்டும். அதன்பிறகே வேர் வாய் திறக்கும். அந்த நைட்ரேட் சாணத்திலிருந்து வந்ததா, உரக்கடைப் பொட்டலத்திலிருந்து வந்ததா என்று பார்க்க வேரிடம் எந்தக் கண்ணும் இல்லை. இரண்டும் ஒரே நைட்ரஜன் அணு, ஒரே மூன்று ஆக்சிஜன் அணுக்கள்.

அப்படியானால் மண் எதற்கு? எனக்குப் பல வருடம் தெளிவில்லாமல் இருந்த கேள்வி இது. தண்ணீரில் வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் மண் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மண்ணை எடுத்துவிட்டால் அது பார்த்த வேலைகள் எல்லாம் நம் தலையில் வந்து விழுகின்றன.

முதல் வேலை, சத்துகளைச் சண்டையில்லாமல் வைத்திருப்பது. குழாய்த் தோட்டத்துக்கான உரக்கரைசல் எப்போதும் 'ஏ', 'பி' என்று இரண்டு கேன்களில் வரும். கால்சியம் நைட்ரேட் ஒன்றில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றொன்றில். அடர்கரைசலாகவே இரண்டையும் கலந்துவிட்டால் கால்சியமும் சல்பேட்டும் கட்டிப்பிடித்து ஜிப்சமாகி, வெள்ளை வண்டலாய் அடியில் படிந்துவிடும். அதன்பின் செடிக்கு இரண்டுமே கிடைக்காது. இரும்பு இன்னும் மோசம். தண்ணீரில் காரத்தன்மை கூடினால் துருவாகிப் படிந்துவிடும். அதனால் அதை ஒரு கரிமக் கூட்டுக்குள் பிடித்துவைத்து விற்கிறார்கள். இரும்பு கிடைக்காத செடியைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம்: கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நம் விவசாயிகள் இதற்குத்தான் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கிறார்கள்.

இரண்டாவது வேலைதான் என்னைப் பிரமிக்கவைத்தது. ஏரி வண்டலை உள்ளங்கையில் எடுத்து நனைத்துப் பிசைந்தால் வழவழவென்று வரும். அந்த வழவழப்பு, மிக நுண்ணிய தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது. களிமண்ணில் சில வகைகளில் ஒரே ஒரு கிராமுக்குள் இருக்கும் தகடுகளின் பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 800 சதுர மீட்டர் வரை வரும். எங்கள் ஊரில் நிலம் பேசும் கணக்கில் சொன்னால், ஒரு சிட்டிகைக் களிமண்ணுக்குள் மூன்றரை கிரவுண்டு. செம்மண்ணிலுள்ள களி வகைக்கு அவ்வளவு பரப்பு இல்லை என்றாலும் மணலோடு ஒப்பிட அதுவும் ஒரு சாம்ராஜ்யம். அந்தத் தகடுகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், அம்மோனியம் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை. அவை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தாலும் லேசில் கரைந்து ஓடாது. வேர் ஹைட்ரஜன் அயனி ஒன்றைக் கொடுத்தால், தகடு பொட்டாசியம் ஒன்றை விட்டுக்கொடுக்கும். மக்கும் இதையே செய்கிறது, எடைக்கு எடை இன்னும் நன்றாக. ஏரி தூர்வாரும்போது வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் அடிப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். அந்த வண்டி சுமந்துபோனது மண்ணை மட்டுமல்ல, கோடிக்கணக்கான ஒட்டுமிடங்களை.

இதெல்லாம் இல்லாத மண் எப்படியிருக்கும் என்று பார்க்க நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான். செம்மண்ணில் தொடங்கி, ஏரிப் பாசனக் களியைக் கடந்து, கடலை நெருங்க நெருங்கக் காலடியில் மண் மணலாகிவிடும்.

ஒரு மே மாதம் அங்கே போயிருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சாலையிலிருந்து உள்ளே, மணலில் பாத்தி கட்டி அரைக்கீரை போட்டிருந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன். கிணற்றிலிருந்து குடத்தில் மொண்டு, சாணம் கரைத்த தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஊற்றுவீர்கள் அம்மா என்று கேட்டேன்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மணலுக்கு வயிறு கிடையாது சார். ஊத்துனது நிக்காது. மத்தியானமே பசிக்கும் அதுக்கு."

தண்ணீர்த் தோட்டம் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. மணல் துகளுக்கு ஒட்டுமிடம் கிடையாது. தண்ணீரைப் பிடிக்கும் நுண்துளையும் கிடையாது. அது செடியை நிற்கவைக்கிறது, வேருக்குக் காற்று தருகிறது, அவ்வளவுதான். அதில் கரைசல் உணவை வேளாவேளைக்கு ஊற்றி வளர்க்கிறார் அந்த அம்மா. விஞ்ஞானத்தில் இதற்கு 'மணல் வளர்ப்பு' என்றே பெயர், ஹைட்ரோபோனிக்ஸில் அது ஒரு வகை. இந்தியாவுக்கு அந்தத் துறை வந்ததும் ஏறக்குறைய இந்த வடிவில்தான். 1946இல் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் காலிம்போங்கில் ஆய்வுக்கூடம் வைத்து, மோட்டார் எதுவும் இல்லாமல் தொட்டியில் மணலும் சரளையும் நிரப்பி, உப்பும் தண்ணீரும் போட்டுக் காய்கறி வளர்க்கும் முறையை உருவாக்கினார். 'பெங்கால் முறை' என்று அதற்குப் பெயரிட்டுப் புத்தகமும் எழுதினார்.

அந்தப் பாத்தியிலிருந்து நூறடி தள்ளிச் சவுக்குத் தோப்பு. உரமும் இல்லாமல், ஊற்றுவாரும் இல்லாமல், அதே வயிறில்லாத மணலில் பச்சையாக நிற்கிறது. ஒரு கன்றின் வேரைக் கிளறிப் பார்த்தால், இஞ்சிக் கொத்துப்போலக் குட்டிக்குட்டி முடிச்சுகள் தெரியும். ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அதற்குள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குத் தருகிறது. மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. கீழே விழும் சவுக்கு ஊசிகள் மெத்தைபோலக் கிடந்து மக்குகின்றன. அந்த மெத்தையைக் கையால் விலக்கினால் மேல்மணல் ஒரு விரற்கடைக்குக் கறுத்திருக்கும். மணல் மண்ணாக மாறத் தொடங்கும் இடம் அது. ஒரு விரற்கடை மண்ணுக்கு எத்தனை சவுக்கு ஊசிகள், எத்தனை மழைக்காலங்கள் என்று நினைத்துக்கொண்டே வெகுநேரம் அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

அதே நேரத்தில் செங்கல்பட்டில் மின்சாரம் போயிருந்தது. மூன்று மணி நேரம், உச்சி வெயிலில். வீட்டுக்கு வந்தபோது குழாய்களில் நின்ற கீரை முழுவதும் துணிபோலத் துவண்டு கிடந்தது. என் குழாய்களில் தண்ணீர் நிறைந்து நிற்பதில்லை. அடியில் ஒரு மெல்லிய படலமாக ஓடிக்கொண்டேயிருக்கும். மோட்டார் நின்றால் படலம் வடிந்துவிடும், வேர் வெறும் காற்றில் தொங்கும். பாதியைக் காப்பாற்ற முடிந்தது. மண்தொட்டிகளில் இருந்தவை காலையில் எப்படி நின்றனவோ அப்படியே நின்றன. மூன்று மணி நேரம் என்பது அந்த வண்டலுக்கு ஒரு பொருட்டே இல்லை.

படலமாக ஏன் ஓடவிட வேண்டும், குழாயை நிரப்பிவைத்தால் என்ன என்று கேட்கலாம். வேர் மூச்சு விட வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 275 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம்தான் கரையும். 35 டிகிரிக்குப் போனால் 7. வெப்பம் கூடக்கூட வேருக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரோ குறைவாகத் தரும். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் மாடியில் வெயில் படும் டிரம்மைத் தொட்டுப் பார்த்தால் குளிப்பதற்கு வெந்நீர் வைத்ததுபோல் இருக்கும். அந்தச் சூட்டில் வேர் பழுப்பாகி, கொழகொழவென்று அழுகும். பித்தியம் என்ற பூஞ்சை போன்ற உயிரி அதற்காகவே காத்திருக்கும். நல்ல மண்ணில் பாதி இடம் துளைதான். அதில் ஒரு பங்கில் தண்ணீரும் ஒரு பங்கில் காற்றும் இருக்கும். வேர் ஒரே நேரத்தில் குடிக்கவும் மூச்சுவிடவும் அங்கே இடமிருக்கிறது. மண் பார்க்கும் மூன்றாவது வேலை இது.

இதில் நம் ஊர்ச் செடிகள் சிலவற்றின் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. மதுராந்தகம் ஏரியின் ஆயக்கட்டில் நெற்பயிர் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நிற்கிறது, அழுகுவதில்லை. நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுக் குழல்கள் ஓடுகின்றன. இலை உள்ளிழுத்த ஆக்சிஜன் அதன் வழியே வேர்நுனி வரை இறங்குகிறது. கொஞ்சம் கசியவும் செய்கிறது. வளர்ந்த நெற்பயிரைப் பிடுங்கிச் சேற்றை அலசிப் பாருங்கள். வேரின்மேல் செம்பழுப்பாக ஒரு பூச்சு இருக்கும். சேற்றிலிருந்த இரும்பு, வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் பட்டுத் துருப்பிடித்த தடம் அது. காற்றில்லாத சேற்றுக்குள் செடி தன்னைச் சுற்றித் தானே ஒரு காற்றுள்ள அறை கட்டிக்கொள்வதை, கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சாட்சி. வள்ளைக்கீரையின் தண்டை ஒடித்தால் உள்ளே வெற்றுக் குழல். குளத்தில் மிதக்கவும் அதுதான், வேருக்கு மூச்சு அனுப்பவும் அதுதான். பிவிசி குழாய் வருவதற்கு வெகுகாலம் முன்பே தண்ணீர்த் தோட்டச் செடியாக இருந்தது அது.

அதனால் வீட்டில் தண்ணீர் முறை தொடங்க நினைப்பவர்களுக்கு என் அபிப்பிராயம்: விளம்பரப் படங்களில் காட்டும் லெட்டூஸை விட்டுவிடுங்கள். குளிர்தேசத்துச் செடி, நம் கோடையில் கசந்து, பூத்தண்டு நீட்டிவிடும். சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாம் ஒரே அமராந்தஸ் குடும்பம். சோளத்தையும் கரும்பையும் போல, வெயிலும் சூடும் கூடினாலும் கரியமில வாயுவைச் சிக்கனமாகப் பிடிக்கும் வழி அவற்றுக்குத் தெரியும். எங்கள் வெயிலுக்கென்றே பிறந்தவை.

இனித் தண்ணீர். மாமல்லபுரம் கடற்கரையோரம் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, உள்ளே புகுந்திருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நல்ல நீர் லேசு, உப்புநீர் கனம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது மீட்டருக்கு நல்ல நீர் இருக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாடோன் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கணக்கிட்டார்கள். கணக்கின் மறுபக்கம்தான் பயமுறுத்துவது: மோட்டார் போட்டு மேலே ஒரு மீட்டரை இறக்கினால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏறும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பல போர்களில் உவர்த் தண்ணீர் வருவதற்கு இது ஒரு காரணம். அதே சாலையோர நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் வந்தது, அடுத்தது 2024இல்.

மண்ணில் வளர்ப்பவர் உவர்த் தண்ணீரோடு ஓரளவு சமாளிக்கலாம். களியும் மக்கும் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்து சேர்ந்த உப்பைக் கழுவிவிடும். குழாயில் அது நடக்காது. கீரைக்கான உரக்கரைசல், கையடக்க டிடிஎஸ் மீட்டரில் 600 முதல் 900 வரை காட்ட வேண்டும். உங்கள் போர்த் தண்ணீரே உரம் போடுமுன் 1,200 காட்டினால் என்ன செய்வீர்கள்? அந்த மீட்டர் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று மட்டுமே பார்க்கிறது. பாய்வது சோடியமா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. எண் சரியாக இருக்கும், செடி பட்டினி கிடக்கும். செடி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சோடியத்தை விட்டுவிடுவதால், நாளாக நாளாக டிரம்மில் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இதற்கு நம்மிடம் இருக்கும் அருமையான மருந்து மழைநீர். செங்கல்பட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். உப்பே இல்லாத தண்ணீர். 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் கட்டிய தொட்டி இன்னும் வீட்டில் இருக்கும். அதிலிருந்து எடுத்துக் கரைசல் கலந்துபாருங்கள், வித்தியாசம் ஒரு வாரத்தில் இலையில் தெரியும்.

அந்த மழையே ஒருநாள் இரண்டு தோட்டங்களையும் ஒன்றாகச் சோதித்தது. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியது. காலையில் மாடிக்கு ஏறினால் டிரம்மின் மூடியைக் காணோம். விடிய விடிய மழை அதில் கொட்டி, வழிந்து ஓடியிருந்தது. மீட்டரை விட்டுப் பார்த்தேன், 180. முந்தைய நாள் 800 இருந்தது. மின்சாரம் இல்லை. ஆனால் குளிர்ச்சியும் ஈரமும் இருந்ததால் கீரை துவளவில்லை. மதியம் கரண்ட் வந்ததும் ஏ, பி இரண்டையும் அளந்து ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி.

மண்தொட்டிகள் அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஒரு வாரம் கழித்துத்தான் அடியிலைகள் மஞ்சளாயின. பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் களிமண் இறுகப் பிடித்துவைத்திருந்தது. ஆனால் நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களித்தகட்டுக்கும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டாது. அத்தனை தழைச்சத்தும் தொட்டியின் அடித்துளை வழியாக ஓடிவிட்டது. நான் ஒன்றும் போடவில்லை, என்ன நடக்கிறது என்று பார்க்க விட்டுவைத்தேன். வெயில் வந்து, மண் சூடேறி, நுண்ணுயிர்கள் மீதமிருந்த சாணத்தை மறுபடி உடைக்கத் தொடங்கின. பொங்கல் வருமுன் புதுத் தளிர்கள் கரும்பச்சையாக வந்தன. ஒரு மணி நேரத்தில் நான் அளந்து ஊற்றிச் சரிசெய்ததை, மண் சில வாரங்களில் யாரும் சொல்லாமல் சரிசெய்துகொண்டது.

எது அதிகம் விளையும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. 1929 முதல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக், தொட்டித் தண்ணீரில் ஆள் உயரத்தைத் தாண்டிய தக்காளிக் கொடிகளை வளர்த்துக் காட்டி உலகத்தை வாய்பிளக்க வைத்தார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். அதே பல்கலைக்கழகத்தில் ஹோக்லண்டும் ஆர்னானும் அதை நிதானமாகச் சோதித்து 1938இல் எழுதினார்கள்: நல்ல வளமான மண்ணில் வரும் விளைச்சலைவிடத் தண்ணீர் முறையில் பெரிதாக அதிகம் வருவதில்லை. இன்றும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படும் உரக்கரைசல் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. அவர்களே இப்படிச் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒப்பிட வேண்டியது எந்த மண்ணோடு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வண்டல் நிறைந்த தொட்டியோடு ஒப்பிட்டால் என் குழாய்கள் நாலைந்து நாள் முந்துகின்றன. கடற்கரை மணலோடு ஒப்பிட்டால் பல மடங்கு.

தண்ணீரில் சிக்கனம் என்பது மட்டும் மறுக்க முடியாதது. அரிசோனாவில் லெட்டூஸை வைத்து 2015இல் வெளியான ஒரு கணக்கு: ஒரு கிலோவுக்கு வயலில் 250 லிட்டர், ஹைட்ரோபோனிக் கூடத்தில் 20 லிட்டர். அதே கணக்கில் மின்சாரம் உள்ளிட்ட ஆற்றல் வயலில் 1,100 கிலோஜூல், கூடத்தில் 90,000. அதாவது ஒரு கிலோ இலைக்கு 25 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வந்தாலும் அது நாலு கிலோவில் தீர்ந்துவிடும். அது குளிரூட்டி, சூடேற்றி நடத்தும் மூடிய கூடத்தின் செலவு. என் மாடியில் வெயில் இலவசம். 18 வாட் மோட்டார் மட்டும் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 26 யூனிட் வருகிறது.

மோட்டாரே வேண்டாம் என்பவர்களுக்கு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி காட்டிய வழி அழகானது. மூடியுள்ள ஒரு பக்கெட், மூடியில் ஓட்டை, அதில் செடி. ஒரே முறை கரைசலை ஊற்றிவிட்டுப் பேசாமல் விட்டுவிட வேண்டியதுதான். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே உண்டாகும் ஈரமான வெற்றிடத்தில் இருக்கும் வேர்கள் மூச்சுக்கென்று மாறிக்கொள்ளும், கீழே இருப்பவை குடிக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கும் இப்படிப்பட்ட தெளிந்த நீர்தான் பிடிக்கும். மூடியில் ஒரு நூல் இடைவெளிகூட இருக்கக் கூடாது. வெளிச்சமும் உள்ளே போகக் கூடாது, பாசி பிடித்துவிடும்.

தண்ணீர்த் தோட்டத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை டிரம்மைக் காலிசெய்து புதுக்கரைசல் ஊற்ற வேண்டியிருக்கிறது. செடி தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததை விட்டுவைப்பதால் பழைய கரைசலில் சத்துகளின் விகிதம் கெட்டுப்போயிருக்கும். தெருச் சாக்கடையில் கொட்டினால் கடைசியில் ஏதோ ஒரு நீர்நிலையில் சேர்ந்து பாசியைத்தான் வளர்க்கும். அதனால் அந்தக் கரைசலைக் குடத்தில் மொண்டு, அலசிப்போட்ட பழைய வேர்க்கொத்துகளோடு சேர்த்து, கிழக்குச் சுவரோரத் தொட்டிகளுக்கு ஊற்றிவிடுகிறேன். வேர்க்கொத்து தும்பைப்பூ வெள்ளையாக, தலைமுடிக்கற்றை போலிருக்கும். ஒரு மாதம் கழித்துக் கிளறினால் அது எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைப்பதில்லை. மண்புழு இருக்கிறது. பக்கத்தில் சிறுகீரை நிற்கிறது.